கேஸ் ஷீட்டைச் செயற்கை நுண்ணறிவிடம் காட்டலாமா?

செவிலியர் கேள்வி – பதில்

கேள்வி: இரவு டியூட்டி முடியும் நேரத்தில், அடுத்து டியூட்டிக்கு வருபவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் குறிப்பைச் சுருக்கித் தரும்படி எங்கள் வார்டில் சிலர் சொந்தக் கைபேசியில் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். நோயாளியின் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் நீக்கிவிட்டுத்தான் உள்ளிடுகிறார்கள். இது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத செவிலியர், திருச்சி

பதில்: விடியற்காலை 5 மணிக்கு இருபது பேரின் குறிப்புகளை எழுதி முடிக்கும் அலுப்பை நான் அறிவேன், ஆகவே உங்கள் தோழியரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனாலும் அது தவறுதான். 'வயது 52, அஞ்சல்காரர், சர்க்கரை நோயால் இடது காலில் இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டவர், நேற்று எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பப்பட்டது' என்று எழுதினால், அவர் யாரென்று கண்டுகொள்ள அவருடைய ஊர்க்காரர்களுக்குப் பெயர் எதற்கு?

தொழில்நுட்பத்தைக் கையாளும்போது நோயாளியின் கண்ணியமும் அந்தரங்கமும் காக்கப்படுவதை உறுதிசெய்வது செவிலியரின் கடமை என்று சர்வதேச செவிலியர் மன்றம் 2021இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. நோக்கம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. சிறுநீரகம் திடீரெனப் பழுதாவதைக் கண்டறிய உதவும் செயலி ஒன்றைச் சோதிப்பதற்காக, அங்குள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனை நிர்வாகம் ஏறத்தாழ 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்துக்கு வழங்கியது. நோயாளிகளுக்குப் போதிய அளவு தெரிவிக்காமல் இதைச் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் 2017இல் தீர்ப்பளித்தார். நிர்வாகம் செய்தபோதே தவறென்று ஆன செயல், செவிலியர் ஒருவர் தம் சொந்தக் கைபேசியில் செய்தால் சரியாகிவிடாது. சுருக்கம் தேவையென்றால், மருத்துவமனையே ஒப்பந்தம் செய்து, தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதற்குப் பொறுப்பேற்று வழங்கும் மென்பொருளைக் கேளுங்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது என்பதை நிர்வாகத்துக்கு நினைவூட்டினால் உங்கள் கோரிக்கை சற்று விரைவாக நகரக்கூடும்.

கேள்வி: நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்று எச்சரிக்கும் மென்பொருள் வந்திருக்கிறது. அது ஒலிக்காதபோது நாம் நிம்மதியாக இருக்கலாமா?
– ஐ.சி.யூ. செவிலியர், கோவை

பதில்: இருக்கலாகாது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டுவதால் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை முறையை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது கவனிக்காமல் விட்டிருந்தது. அப்படியிருந்தும் மொத்த உள்நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. ஓயாமல் ஒலிக்கும் மணிக்குக் காது எப்படிப் பழகிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'நேற்றுவரை நன்றாகப் பேசினார், இன்று ஏதோ உளறுகிறார் சிஸ்டர்' என்று மனைவி வந்து சொல்வது பல நேரங்களில் செப்சிஸின் முதல் அறிகுறியாக இருக்கும். நீங்கள் அதைக் கேட்டுப் பதிவுசெய்யும்வரை எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணாமல், எல்லாப் படுக்கைகளுக்கும் '20' என்று எழுதிவைக்கும் வழக்கம் வார்டுகளில் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அன்று அந்தப் பொய் தாளோடு நின்றுவிட்டது. இன்று மென்பொருள் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதால், மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும் ஒருவரை 'அபாயமில்லை' என்ற வரிசையில் சேர்த்துவிடுகிறது.

கேள்வி: வெளிநாட்டுச் செவிலியர்கள் செயற்கை நுண்ணறிவை எதிர்ப்பது வேலை போய்விடும் என்ற பயத்தினால்தானே?
– வாசகர், சேலம்

பதில்: அந்தப் பயம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். எனினும் 2024 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனை முன் திரண்ட செவிலியர்கள் முன்வைத்தது நோயாளியின் பாதுகாப்பையே. எந்த நோயாளிக்கு எவ்வளவு கவனிப்புத் தேவை என்பதை மென்பொருள் கணக்கிட்டு, அதன்படி ஆட்களை ஒதுக்கும்போது, படுக்கையருகே நிற்பவரின் மதிப்பீடு வேறாக இருந்தால் எது செல்லும் என்பதே அவர்களின் கேள்வி. உங்கள் ஊர் மருத்துவமனையில் அத்தகைய மென்பொருள் வந்தால், செவிலியர் 'நான் உடன்படவில்லை' என்று காரணத்தோடு பதிவுசெய்ய அதில் ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.