ஊராட்சியை நகரத்தோடு இணைத்த பிறகு வரும் முதல் தேர்தலில் ஓரத்து ஊர்க்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "எங்கள் கிராம ஊராட்சியைப் பக்கத்து நகரத்தோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். புதிய மாமன்றத்துக்கு நடக்கும் முதல் தேர்தலில் எங்களைப் போன்ற ஓரத்து ஊர்களின் ஓட்டுக்கு மதிப்பு இருக்குமா?"

நான் ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகிற வழியில் இருக்கும் ஒரு கிராம ஊராட்சியைச் சேர்ந்தவள். ஊட்டியை மாநகராட்சி ஆக்கலாம், சுற்றியுள்ள ஊர்களைச் சேர்க்கலாம் என்ற பேச்சு வந்ததிலிருந்து டீக்கடையில், கேரட் மூட்டை ஏற்றும் இடத்தில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் "வீட்டு வரி எவ்வளவு ஏறும்?", "நூறு நாள் வேலை போய்விடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் தேர்தலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதிப்பு இருக்கும். ஆனால் ஓட்டுப் போடும் நாளைக்குப் பல மாதம் முன்னால், வார்டு எல்லை போடும்போதே அதில் பாதி முடிவாகிவிடும். இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2011இல் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளின் எல்லை விரிந்தது. சென்னையோடு மட்டும் 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது, 155 வார்டுகள் 200 ஆயின. கோவையிலும் மதுரையிலும் 72 வார்டுகள் 100 ஆயின. அந்த வருட அக்டோபரில் நடந்ததுதான் புதிய எல்லைக்கான முதல் தேர்தல். என் வீட்டுக்காரருக்கு அப்போது கீழே சமவெளியில் வேலை. அப்படி விரிந்த மாநகராட்சி ஒன்றின் ஓரத்தில், அதுவரை பேரூராட்சியாக இருந்த ஓர் இடத்தில் வாடகைக்கு இருந்தோம். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

பேரூராட்சியாக இருந்தவரை அலுவலகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொன்னால் ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வார், சாயங்காலம் ஆள் வருவார். இணைந்த பிறகு அதே கட்டடத்தில் வரி மட்டும் வாங்கினார்கள். பிறப்புச் சான்றிதழ் என்றால் இரண்டு பஸ் மாறி மண்டல அலுவலகம் போக வேண்டும்.

சரி, தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் சந்தில் வலது பக்கம் ஒரு வார்டு, இடது பக்கம் வேறு வார்டு. ஹவுஸ் ஓனர் அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் எந்தத் தேர்தல் வந்தாலும் காலை இட்லிக்கு மாவு ஊற்றும் முன்பே சேர்ந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்கள். அந்த முறை இருவருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். அது மட்டுமில்லை, இணைந்த ஊர்களில் ஒரே பெயரில் இரண்டு வீதிகள் இருந்தன. ஹவுஸ் ஓனர் அம்மா முதலில் போய் வரிசையில் நின்ற பூத்தில் இருந்தது இன்னொரு வீதியின் பட்டியல். "உங்க பேரு இதுல இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் வீட்டுக்கு வந்து, முந்தானையால் முகம் துடைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பிடிவாதமாக மறுபடி போனார். மறுபடி போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எங்கள் வீதியிலேயே எனக்குத் தெரிந்து நாலு பேர்.

வேட்பாளர்கள் விஷயம் இன்னும் வருத்தமானது. எங்கள் பேரூராட்சியின் பழைய தலைவரும், எங்களோடு சேர்ந்த பக்கத்து கிராமத்தின் பழைய ஊராட்சித் தலைவரும் ஒரே வார்டில் நின்றார்கள். இருவருமே வேலை செய்தவர்கள், இருவருக்கும் அவரவர் ஊரில் நல்ல பெயர். எங்கள் ஊர் ஓட்டு எங்கள் ஆளுக்கு, அவர்கள் ஊர் ஓட்டு அவர்கள் ஆளுக்கு என்று பிரிந்தது. மெயின் ரோட்டுப் பக்கத்தில் நின்ற மூன்றாமவர் ஜெயித்தார். அடுத்த ஐந்து வருடத்தில் அவர் எங்கள் சந்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் வார்டு வரைவு முன்பே வந்திருந்தது. வீதிப் பெயரோடு தாள் தாளாக அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கத் தேதியும் போட்டிருந்தது. எங்களில் யாரும் நின்று படிக்கவில்லை. நானும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் காய் வாங்கப் போனேன். அந்த இரண்டு தலைவர்களும் அதைப் படித்துவிட்டு ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால், குறைந்தது ஒருவராவது மாமன்றத்துக்குப் போயிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். இங்கே இன்னொரு பெரிய மாற்றம் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. கிராம ஊராட்சியில் நமக்கு நாலு ஓட்டு. 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது நான் அம்மா வீட்டில் இருந்தேன். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்த காலை. அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தார்: வெள்ளை வார்டு மெம்பருக்கு, பிங்க் தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு. நாலு சீட்டையும் தனித்தனியாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "மஞ்சள்ல மை கொஞ்சம் ஓரமாப் பட்டுடுச்சு, செல்லுமா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல். ஊட்டி டவுனில் இருக்கும் சித்தி மிஷினில் ஒரு பட்டன் அழுத்திவிட்டு வந்தார். ஒரே ஒரு ஓட்டு, கவுன்சிலருக்கு. நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாநகராட்சி ஆனாலும் இப்போதைய முறையில் மேயருக்கு நாம் ஓட்டுப் போட முடியாது. 2011இல் மேயருக்கு நேரடியாகப் போட்டோம், அது இப்போது இல்லை.

ஆக, நாலு பேரிடம் போய்க் கேட்கலாம் என்று இருந்த உரிமை ஒருவரிடம் வந்து நிற்கிறது. அந்த ஒருவர் எங்கே இருக்கிறார், யார் வீட்டுப் பாதையில் நடக்கிறார் என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

கட்சி விஷயமும் மாறும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டுச் சாவி, ஆட்டோ என்று எதையாவது வாங்கிக்கொண்டு, ஊர் மதிக்கிற ஆள் நின்று ஜெயிக்கலாம். மாநகராட்சி வார்டு கட்சிச் சின்னத்தில் நடக்கும் தேர்தல். உங்கள் ஊரின் நல்ல மனிதர் சுயேச்சையாக நின்றால் கட்சிகளோடு மோத வேண்டும், கட்சியில் கேட்டால் சீட்டு டவுன் ஆளுக்குப் போகலாம். வேட்பாளர் அந்த வார்டிலேயே குடியிருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்த மாநகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் வாக்காளராக இருந்தால் போதும்.

கிராம சபையும் இருக்காது. அதற்குப் பதிலாக நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபை நடந்த பம்மல், 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள்தான் இருக்கிறது. 70 வார்டுகளோடு தாம்பரத்தின் முதல் தேர்தல் 2022இல்தான் நடந்தது. சட்டத்தில் இடம் இருக்கிறது. பகுதி சபையைக் கூட்டச் சொல்லிக் கேட்கிற மக்களும் கூட்டுகிற கவுன்சிலரும் வேண்டும்.

மலையில் வார்டு பிரிப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வார்டை மக்கள்தொகையை வைத்துப் பிரிப்பார்கள். சமவெளியில் அது நாலு வீதியோடு முடிந்துவிடும். இங்கே ஒரு மேட்டில் இருபது வீடு, பள்ளம் தாண்டி எதிர் மேட்டில் முப்பது வீடு, நடுவில் தேயிலையும் கேரட் பாத்தியும். தாளில் பார்த்தால் இரண்டும் ஒட்டி இருக்கும். நடந்து பார்த்தால் இறங்கி ஏற அரை மணி நேரம், பஸ்ஸில் போனால் டவுன் வழியாகச் சுற்ற வேண்டும். படுகர் இன மக்களின் ஊரான ஹட்டி ஒன்றை நடுவில் வெட்டி இரண்டு வார்டில் போட்டால் அந்த ஊரின் குரல் இரண்டு பக்கமும் சிறுபான்மை ஆகிவிடும். பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இது இன்னும் கடுமையாக விழும், அவர்கள் எண்ணிக்கையே குறைவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளுக்கோ ஒழுங்கான கதவு எண்ணே இருப்பதில்லை, அதனால் பட்டியலில் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிப்பார்கள், அதனால் அந்தப் பட்டியலில் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. கனடாவில் 6 நகராட்சிகளைச் சேர்த்து ஒரே டொரொண்டோ ஆக்கினார்கள். 1997 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் மக்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள், ஆனாலும் இணைத்தார்கள். அந்த நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் மேயரானவர் மெல் லாஸ்ட்மன். ஓரத்தில் இருந்த நார்த் யார்க்கின் மேயர் அவர். தோற்ற பார்பரா ஹால், பழைய டொரொண்டோவின் மேயர். நியூசிலாந்தில் 8 மன்றங்களைச் சேர்த்து ஆக்லாந்து மாநகர மன்றம் அமைத்தார்கள். 2010 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலிலும் அதே கதை: மனுகாவ் என்ற ஓரத்து நகரத்தின் மேயர் லென் பிரவுன், பழைய ஆக்லாந்து நகர மேயர் ஜான் பேங்க்ஸைத் தோற்கடித்தார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சந்துதான் ஞாபகம் வந்தது. ஓரத்து ஊர்கள் ஒரு ஆளின் பின்னால் நின்றால் மையத்தையே வெல்லலாம். அங்கே மேயருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள் என்பது உண்மை. நமக்கு அந்த ஓட்டு இல்லாததால், ஓரத்து வார்டுகளின் கவுன்சிலர்கள் மன்றத்துக்குள் போய்ச் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும். ஆக்லாந்தில் இன்னொன்றும் செய்தார்கள். பெரிய மன்றத்துக்குக் கீழே 21 உள்ளூர் வாரியங்கள் வைத்து, அதற்கும் மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூங்கா, நூலகம் மாதிரி உள்ளூர் விஷயங்கள் அவர்கள் கையில். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்புறம், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் என்ன கேட்பது? பொதுவாக "ரோடு போடுவீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் போடுவேன் என்பார்கள். எங்கள் ஊரில் நான் கேட்கப்போவது தண்ணீர் பற்றி. ஊட்டி டவுனுக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் அணைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. எங்களுக்கு ஊற்று, கிணறு, மோட்டார், மேட்டில் ஒரு தொட்டி. மோட்டார் போடுகிறவர் எங்கள் ஊர் ஆள். பைப் எங்கே உடையும், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இணைந்த பிறகு அவர் வேலையில் இருப்பாரா, பைப் உடைந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், டவுன் கட்டணம் கட்டினால் டவுன் தண்ணீர் வருமா என்று கேட்பேன். வீட்டு வரியை எந்த மண்டலக் கணக்கில் போடுவார்கள், டவுன் குப்பையைக் கொட்ட இடம் தேடும்போது எங்கள் பக்கம் கை காட்டினால் மன்றத்தில் எழுந்து பேசுவாரா என்றும் கேட்பேன். பதில் தெரியாமல் விழித்தாலும் பரவாயில்லை. தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை வருகிறாரா என்று பார்ப்பேன்.

வரைவு வந்த பிறகு ஆட்சேபணை எழுதக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதனால் எங்கள் ஊரில் போன மாதமே ஒரு நீள நோட்டு வாங்கி ஆரம்பித்துவிட்டோம். பிளஸ் டூ படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறோம். எந்த மேட்டில் எத்தனை வீடு, எத்தனை ஓட்டு, எந்தப் படிக்கட்டு எந்தப் பாதையில் சேர்கிறது, பஸ் ஏற எங்கே இறங்குகிறார்கள், ரேஷன் எந்தக் கடையில் என்று வீடு வீடாக எழுதுகிறோம். இதுவரை 64 வீடு முடிந்திருக்கிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளை மழை விட்டதும் எழுத வேண்டும்.