கார்புரேட்டரில் கை வைக்கும் முன்: பழைய பிரிட்டிஷ் எஞ்சின் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் பற்றியவை. திருவொற்றியூரில் தயாரான வண்டி என்றாலும் அந்த எஞ்சின் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் வடிவமைக்கப்பட்டது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. மெட்ராஸில் 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி தொடங்கியது; ரெட்டிச் ஆலை 1967-இல் மூடிய பிறகும் இங்கே அதே எஞ்சின் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தது. அதனால் பழைய பிரிட்டிஷ் எஞ்சினுக்குப் பொருந்துகிற பெரும்பாலான பாடம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, 1986 மாடல் புல்லட் 350. காலையில் எவ்வளவு கிக் அடித்தாலும் எடுப்பதில்லை. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கார்புரேட்டர் கோளாறு என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு பாயிண்டில்தான், அதாவது பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சில்தான் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்துப் பாருங்கள். கனமான நீலப் பொறி வர வேண்டும். மெலிந்து மஞ்சளாக வந்தால் பாயிண்ட் மூடியைத் திறங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடாதீர்கள், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். முகம் கருகியிருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். துடைத்த சில நாளிலேயே மறுபடி கருகினால், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாற்ற வேண்டும். அது கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் மிகச் சின்னச் செலவு.

அப்புறம், உதைக்கும் முறை. சாவியைத் திருப்பி, லைட்டை அணைத்துவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி அம்மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சிக்கு அருகில் இருக்கிறது. டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் லிவர்) இழுத்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் மட்டும் தள்ளுங்கள். பிறகு லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடி வரை ஒரே உதை. வேகத்தைவிட முழு நீளமும் உதைப்பதுதான் முக்கியம்.

கேள்வி: எனக்குக் கிக்கர் திருப்பி அடிக்கிறது. ஒருமுறை கணுக்காலே பிசகிவிட்டது.

அட்வான்ஸ் அதிகமாக இருக்கிறது, அதாவது பொறி வேண்டியதைவிட முன்னதாகவே விழுகிறது. சரிசெய்யும் வரை உதைக்காதீர்கள். வேகத்துக்கேற்பப் பொறியை முன்னால் தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் முழுதாகப் பின்னால் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். டைமிங்கை வைக்கும் முன் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தளர்ந்து போயிருந்தாலோ எடைகள் துருவில் சிக்கியிருந்தாலோ, நின்ற வண்டியிலேயே அது முன்னால் போய் நிற்கும். அதைக் கவனிக்காமல் எத்தனை முறை டைமிங் வைத்தாலும் பயனில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): டேப்பெட்டுக்கு எத்தனை தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) இடைவெளி வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

புல்லட் எஞ்சினில் இடைவெளியே கிடையாது. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி காலையில் செய்வது நல்லது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, பேரலின் (சிலிண்டரின்) வலப்பக்கம் உள்ள டேப்பெட் மூடியைக் கழற்றுங்கள். புஷ் ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியை) விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது. புஷ் ராடு அலுமினியம். சூட்டில் அதுவும் நீளும், பேரலும் ஹெட்டும் நீளும். இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும்.

சத்தம் பிடிக்காமல் இறுக்கிவிடுபவர்களைத்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ராடு சுழலாத அளவுக்கு இறுகினால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. கம்ப்ரஷன் குறையும், எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போகும். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளி தளர்வாகவே விடுங்கள். லேசான டிக் டிக் இந்த எஞ்சினுக்கு இயல்பு. லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி உருட்டிப் பார்க்க மறக்காதீர்கள். இறுக்கும்போதுதான் அளவு நகரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, அப்பப்பாவின் பி.எஸ்.ஏ. எம் 20 எங்களிடம் நிற்கிறது. அதற்கும் இப்படித்தானா?

இல்லை, கவனம். எம் 20 இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட 500 சி.சி. சைடு வால்வு வண்டி, அதாவது வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே இருக்கும் வகை. அதில் புஷ் ராடும் இல்லை, ராக்கரும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் இன்லெட்டுக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.30 மி.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும். அதை விற்றுவிடாதீர்கள் தம்பி.

கேள்வி (சேலம்): ஒரு மாதம் நின்ற வண்டியை எடுத்தால் தெருவே மறைகிற அளவு புகை. ரிங் போய்விட்டதா?

புகை எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. கொஞ்ச நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது என்றால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி நாள் கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் சேரும். ஓடத் தொடங்கியதும் ரிட்டர்ன் பம்ப் அதை மீண்டும் டேங்குக்கு அனுப்பிவிடும். அதனால்தான் நின்ற வண்டியில் ஆயில் அளவைப் பார்த்து மேலே ஊற்றக் கூடாது. சிறிது ஓட்டி, நிறுத்திய உடனே அளவு குச்சியைப் பாருங்கள். 20டபிள்யூ-50 ஆயில் போதும்.

ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு, மறுபடி திறக்கும்போது மட்டும் வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது.

கேள்வி: எல்லா ஜாயிண்டிலும் ஆயில் கசிகிறது. பேஸ்ட் பூசிப் பூசி அலுத்துவிட்டது.

பேஸ்டை நிறுத்துங்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஆயில் வழியை அடைத்தால் எஞ்சினே போய்விடும். கிராங்க் கேஸில் காற்றழுத்தம் வெளியேற ஒரு ப்ரீதர் இருக்கிறது. அதன் முனையில் வாத்தின் அலகு மாதிரி ஒரு ரப்பர். அது வெளியே விடும், உள்ளே இழுக்காது. ரப்பர் விறைத்துப் போனால் உள்ளே அழுத்தம் கூடி, கிடைத்த ஜாயிண்ட் வழியாக ஆயிலைத் தள்ளும். முதலில் அந்த ரப்பரை மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை): நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறினால் எடுக்கிறது.

ஆறும் வரை காத்திருந்தால் காரணமும் மறைந்துவிடும். நின்ற இடத்திலேயே முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி எடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. இல்லையென்றால் அங்கேயே பிளக் பொறியைப் பாருங்கள். பொறி இல்லாவிட்டால் கண்டென்சர் அல்லது காயில். இரண்டும் சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பவை.

கேள்வி (லண்டன்): 1967 டிரயம்ப் பானவில் வாங்கினேன். புது பேட்டரி மாட்டியதும் ஃபியூஸ் போய்விட்டது.

நெகட்டிவை ஃபிரேமில் கொடுத்திருப்பீர்கள். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். சரியாக மாட்டிவிட்டு, ரெக்டிஃபையரையும் ஜீனர் டயோடையும் சோதித்துப் பாருங்கள். மெட்ரிக் ஸ்பேனரை அந்த வண்டியிடம் கொண்டுபோகவே வேண்டாம், நட்டின் முனை மழுங்கிவிடும். விட்வொர்த் ஸ்பேனர் வாங்குங்கள். அதில் பொறித்திருப்பது போல்ட்டின் அளவு, நட் தலையின் அளவல்ல. எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் கிராங்க்குக்குள் இருக்கும் ஸ்லட்ஜ் ட்ராப்பைச் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். அங்கே படியும் சகதி அடைத்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்துக்கு) ஆயில் போகாது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய புல்லட் கெடுமா?

இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊற வைத்து இளக்கும், தண்ணீரையும் ஈர்க்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். வண்டியை மாதக் கணக்கில் நிறுத்துவதென்றால் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். பெட்ரோல்-காற்று மிக்சர் கொஞ்சம் மெலியும் என்பதால் பிளக் வெளுத்திருந்தால் கார்புரேட்டரின் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள். கார்புரேட்டரில் கை வைக்க இது நியாயமான காரணம்.

கேள்வி (கோவை): மைலேஜுக்காக எப்போதும் நாலாவது கியரிலேயே ஓட்டுகிறேன். அடியில் இப்போது டக் டக் என்று ஒரு சத்தம்.

பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் இல்லை. ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் ஃப்ளோட்டிங் புஷ்தான். குறைந்த வேகத்தில் பெரிய கியரில் திணறவிட்டால், பம்ப் மெதுவாகச் சுற்றும், அடியோ பலமாக விழும். படலம் கிழிந்து புஷ் தேயும். பேரலைக் கழற்றி, கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் பரவாயில்லை. மேல்கீழ் ஆட்டம் கையில் தெரிந்தால் இனி ஓட்ட வேண்டாம், கிராங்க்கைக் கழற்றி ஆயில் பம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.