ஒல்லிக்கும் குண்டுக்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிறுகதை எழுதிப் பழகி வருகிறேன். பாத்திரங்களின் உடலமைப்பைச் சொல்ல வரும்போதெல்லாம் ‘ஒல்லி’, ‘குண்டு’, ‘நடுத்தரம்’ என்ற மூன்று சொற்களையே சுற்றிச் சுற்றி வருகிறேன். எலும்பு அகன்று, ஆனால் சதை போடாத ஒருவரைச் சொல்லத் தமிழில் சொல் உண்டா? ‘ஆஜானுபாகு’ பொருந்துமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட ஆளுக்கு ‘வாட்டசாட்டமானவர்’ என்பதே போதும். உயரமும் அகலமும் அதில் வந்துவிடுகின்றன, தொந்தி வருவதில்லை. பேச்சில் ‘இரட்டைநாடி உடம்பு’ என்பதும் உண்டு, ஆனால் அதில் பருமனும் சேர்ந்தே ஒலிப்பதால் உங்கள் பாத்திரத்துக்கு ஒத்துவராது. ‘ஆஜானுபாகு’ என்பதற்கு முழங்காலைத் தொடும் கைகளை உடையவர் என்பதே நேர்ப்பொருள். புறநானூற்றின் 59ஆம் பாடல் பாண்டியனைத் ‘தாள்தோய் தடக்கை’ உடையவனாகக் காட்டுவதும் இதே இலட்சணத்தைத்தான். இன்று அச்சொல் வெறுமனே பெரிய ஆள் என்ற பொருளில் புழங்குவதைப் பிழையென்று சொல்ல மாட்டேன். என்றாலும் அரச மிடுக்கு அதை விட்டு இன்னும் முழுதாக நீங்காததால், ஒரு கணக்கரை அப்படி வருணித்தால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. உடலைக் குறிக்கும் நம் சொற்களில் பல வினையிலிருந்து பிறந்தவை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. ‘ஒல்லியான பெண்’ என்றால் அவள் வாகு அது, அவ்வளவுதான். ‘இளைத்த பெண்’ என்று எழுதியதுமே, முன்பு அவள் இப்படி இருக்கவில்லை என்ற செய்தியும், இடையில் என்ன நேர்ந்தது என்ற கேள்வியும் படிப்பவர் மனத்தில் எழுந்துவிடுகின்றன. ‘மெலிந்த’ என்பது காலப்போக்கில் வெறும் நிலையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. ‘இளைத்த’ இன்னும் தன் கதையை விடவில்லை. ‘வற்றிய உடல்’ என்பதில் ஒருகாலத்து ஈரம் தெரிகிறது. ‘ஒடுங்கிய உடல்’ என்பதில் முதுமையோ அச்சமோ தெரிகிறது. ‘பருத்த’, ‘உப்பிய’ ஆகியவையும் இவ்வகையே, ஆனால் ‘உப்பிய’ என்றவுடன் நோயின் நினைவு வந்துவிடும்.

இன்னொரு வகைச் சொற்கள் உடலைக் காட்டுவதைவிடப் பார்ப்பவரைக் காட்டிக்கொடுப்பவை. ஒரே மெல்லிய உடலை ‘நோஞ்சான்’ என்பவர் இகழ்கிறார். ‘பூஞ்சை உடம்பு’ என்பவர், ஒரு காய்ச்சலைக்கூட அது தாங்காதே என்று கவலைப்படுகிறார். ‘ஒடிசல்’ என்பவர் பெரும்பாலும் ரசிக்கிறார். ‘கொழுகொழு’ குழந்தைக்குக் கொஞ்சல், வளர்ந்தவருக்கு ஏளனம். ஆகவே இவற்றைப் பாத்திரங்களின் வாயில் தாராளமாக வையுங்கள். கதைசொல்லியின் வாயில் வைக்குமுன் அவருக்கு அந்த மனம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலுத்துக்கொள்ளும் ‘குண்டு’ என்ற சொல்லுக்கும் இது பொருந்தும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘திடகாத்திரமான உடல்’ என்று பலரும் எழுதுகிறார்கள். காத்திரம் என்றாலே உடல்தான். ‘திடகாத்திரமானவர்’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.