ஓடிப்போனவனின் சம்பளப் பாக்கி

அன்புள்ள ஐயா,

புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் மனித உரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் குவைத்துக்கு வீட்டு டிரைவராகப் போனான். ஐந்து மாதம் சம்பளம் தரவில்லை என்று கபிலின் (விசா கொடுத்த முதலாளியின்) வீட்டிலிருந்து வெளியேறி, வேறு இடத்தில் வேலை பார்த்தான். இப்போது அகாமா (தங்கும் அனுமதி) இல்லை, பிடிபட்டால் சிறைதான். அடுத்த நாட்டின் சட்டத்தை மீறியவனுக்கு அங்கே என்ன உரிமை? யாரும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லையே. இதில் நம் அரசு செய்ய என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சட்டத்தை மீறியது யார்? ஐந்து மாதம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராத கபில். அவரை யாரும் தேடவில்லை. பையன் வாசலைத் தாண்டியதும் ‘தலைமறைவு’ என்று ஒரு புகார் போயிருக்கும். அத்தோடு அவன் சட்டவிரோதி. விசா கொடுத்த முதலாளியையே வேலையாளின் பொறுப்பாளராக்கும் கபாலா முறையின் சூட்சுமமே இதுதான். விசா, அகாமா, வேலை மாறும் அனுமதி எல்லாம் பெரும்பாலும் ஒரே முதலாளியின் பிடியில். காதிம் விசாவில், அதாவது வீட்டு வேலை விசாவில் போனவர்களின் நிலை இன்னும் மோசம். அரசு தன் குடியேற்ற அதிகாரத்தில் ஒரு பங்கைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டதுபோல.

அகாமா இல்லாதவரை ஒரு நாடு திருப்பி அனுப்பலாம். செய்த வேலைக்கான கூலியை மறுக்க முடியாது. புலம்பெயர்ந்த தொழிலாளர் உரிமைகளுக்காக ஐநா 1990இல் ஏற்ற உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: தங்குவதிலோ வேலையிலோ முறைகேடு இருக்கிறது என்பதற்காக வேலை சார்ந்த உரிமைகள் பறிபோகக் கூடாது. குவைத் இதில் சேரவில்லை. இலங்கை 1996இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை. பிறகு குவைத்தை நாம் எந்த வாயால் கேட்பது?

பையனின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கபிலிடம்தான் இருக்கும். வீட்டு வேலையாட்களின் பாஸ்போர்ட்டை அவர்கள் சம்மதம் இல்லாமல் முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நம் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அந்தச் சிறு புத்தகம் எப்போதும் மத்திய அரசின் சொத்து. தன் சொத்தை எவரோ அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும்போது, அதைக் கேட்டு வாங்குவதைவிட பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஓர் அவுட்பாஸ் எழுதிக் கொடுத்து ஆளை விமானம் ஏற்றுவது சுலபம் என்று ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொண்டுவந்தது. அது கடமை, செய்தார்கள். உயிரோடு இருப்பவனின் சம்பளத்துக்கு அந்த வேகத்தில் பாதியாவது வேண்டாமா?

இங்கேயே செய்ய வேண்டியதும் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. உங்கள் பையன் எவ்வளவு கொடுத்தான்? பிலிப்பைன்ஸின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டு முதலாளி சம்பளம் தராவிட்டால் ஆளை அனுப்பிய ஏஜென்சியும் அதற்குப் பொறுப்பு. மணிலாவில் வழக்குப் போடலாம். நம் ஊர் ஏஜென்ட் போன் நம்பரை மாற்றிவிடுகிறார்.

இனி உடனே செய்ய வேண்டியது. அகாமா இல்லாதவர்களுக்குக் குவைத்தில் 2024இல் வந்ததுபோல இன்னொரு பொதுமன்னிப்பு வரட்டும் என்று அவன் காத்திருக்க வேண்டாம். அதில் அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம். சம்பளப் பாக்கி தானாக வந்துவிடாது. (யாரை யார் மன்னிப்பது என்பது தனிக் கதை.) பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை), விசாவின் நகல்கள், கபிலோடு பேசிய வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவைக்கட்டும். பிறகு தூதரகத்துக்குப் போய், ஊர் திரும்பும் முன்பே சம்பளப் புகாரைப் பதிவு செய்யக் கேட்கட்டும். ஊருக்கு வந்தபின் வழக்கை நடத்த யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுக்க முடியுமா என்பதையும் விசாரிக்கட்டும். நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ குறைதீர்ப்பு இணையதளத்திலும், சென்னையில் அயலகத் தமிழர் நல அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். மனுவில் ஏஜென்டின் பெயரை மறக்காமல் எழுதுங்கள், அவர் உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும்.