‘மா’ கேட்டவர்களுக்கு

புளியந்தோப்பிலிருந்து ஒருவர்: ஆம்பளையைக் கூட நம்ம பக்கம் ‘இன்னாமா’ என்கிறோமே, ஏன்?

‘அம்மா’ தேய்ந்து ‘மா’ ஆனது. தேய்ந்ததில் ஆண், பெண் வித்தியாசமும் போய்விட்டது. கல்லூரிப் பெண்கள் தோழியை ‘என்னப்பா’ என்கிறார்களே, அதே கதை.

ராயபுரம்: சங்கத் தமிழில் மா என்றால் குதிரை. சீனத்திலும் குதிரை. இங்கிருந்து போனதுதானே சார்?

ஆசை நல்லதுதான். ஆனால் நம் ‘மா’ பொதுவாக விலங்கு; இடம் பார்த்துத்தான் குதிரை. போர்க்களத்தில் கவிழ்த்துவிடும் ‘கல்லா மா’ என்று குறள் 814இல் வருவது அப்படித்தான். சீனத்தில் குரலை உயர்த்திச் சமமாக இழுத்தால் அம்மா, ஏற்றினால் நார்ச்செடி, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டு. ஓரசைச் சொல் இத்தனை வேலை பார்க்கும்போது நம்மோடு ஒன்று ஒத்துப்போவதில் அதிசயமில்லை. கடன் என்றால் வழித்தடம் தெரியவேண்டும். மாங்காய்க்கு அது இருக்கிறது: மலையாள ‘மாங்ங’, போர்த்துகீசிய ‘மாங்கா’, ஆங்கில ‘மேங்கோ’. குதிரைக்கு? பட்டினப்பாலை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது. நாமே கப்பலில் இறக்கிய சரக்கு அது!

வியாசர்பாடி: பர்மாவிலிருந்து வந்த எங்கள் ஆயா எதைக் கேட்டாலும் ‘மதிபூ’ என்பார். நிலாப்பூவா?

ரசித்தேன். ‘தி’ என்றால் தெரிதல். முன்னால் ‘ம’, பின்னால் ‘பூ’ சேர்த்தால் ‘தெரியாது’. அதே ‘ம’ எழுத்தைத்தான் இளம்பெண்களின் பெயருக்கு முன்னாலும் மரியாதைக்குப் போடுகிறார்கள். குறில்தான், என்றாலும் இந்தக் கேள்வியை விட மனசில்லை. அடுத்த முறை பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை: உலகம் முழுக்க அம்மாவுக்கு ‘மா’தானா?

பெரும்பாலும். பால் குடிக்கும் குழந்தை மூக்கால் முனகும் ஒலியிலிருந்து வந்தது என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் எழுதினார். ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’. நம் வீட்டு மாமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை: தஞ்சாவூர்த் தாத்தாவின் பழைய பத்திரத்தில் ‘இரண்டு மா நன்செய்’ என்றிருக்கிறது. மாந்தோப்பா?

இல்லை, வயல். பின்னக்கணக்கில் மா என்பது 1/20. வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 100 குழி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். ஆக 66 சென்ட். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.