பைசன் கொத்துக்கறியில் புகை மணக்கும் உருண்டைக் குழம்பு

அன்புள்ள தம்பிக்கு,

கனடாவின் கால்கரியில் முதல் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும் நீங்கள், இங்கே கடையில் பைசன் என்ற வட அமெரிக்க மாட்டினத்தின் கொத்துக்கறி வாங்கி, வியாசர்பாடி வீட்டில் அம்மா ஆட்டுக்கறியில் செய்யும் அதே பக்குவத்தில் கோலா உருண்டை செய்ததாகவும், அது இறுகி, உள்ளே வறண்டு, தொண்டையில் இறங்க மறுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். காணும் பொங்கலன்று நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருப்பதால், காரமும் புகை மணமும் உள்ள குழம்பில் அந்த உருண்டைகளைப் போட வேண்டும் என்றும், அடுக்குமாடி வீட்டில் அலாரம் அலறாமல் புகை மணத்தை வரவழைப்பது எப்படி என்றும், காட்டு விலங்கின் கறியை எல்லாருக்கும் பரிமாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் உங்களைப் போல வடசென்னையில், இராயபுரத்தில் வளர்ந்தவன் என்பதால் உங்கள் நாக்கு எதைத் தேடுகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. கறியின் தன்மைதான் வேறு. கல்மண்டபம் மார்க்கெட்டில் கொத்துக்கறி கேட்டால், கடைக்காரர் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "கொழுப்பு கொஞ்சம் போட்டுக் கொத்தவா, வெறும் சதையா வேணுமா?" என்று கேட்பார். வீட்டுப் பெண்கள் யோசிக்காமல் கொழுப்புப் போடச் சொல்வார்கள். புளியமரக் கட்டையின் மேல் சதையும் வெள்ளைக் கொழுப்பும் சேர்ந்து கொத்துப்படும்போதே உருண்டையின் மென்மை பாதி உறுதியாகிவிடும். பைசனின் கொழுப்போ சதைக்குள் ஊடுருவி நிற்பதில்லை. அதனால்தான் அந்தக் கறி மாட்டுக்கறியைவிட அடர்ந்த சிவப்பாகத் தெரிகிறது. கனடாவில் அரைத்த கறியின் பாக்கெட் மேல் கொழுப்பின் வரம்பு எழுதப்பட்டிருக்கும்: எக்ஸ்ட்ரா லீன் என்றால் 10 சதவீதம், லீன் என்றால் 17, மீடியம் என்றால் 23, ரெகுலர் என்றால் 30 சதவீதம் வரை. பைசன் பெரும்பாலும் முதல் வகைக்கு அருகில்தான் நிற்கும். அத்தனை குறைந்த கொழுப்புள்ள கறியை ஆட்டுக்கறியைப் போல அழுத்திப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெயில் பொரித்தால், உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் வெளியேறிவிடும். ஆகவே கொழுப்பையும் ஈரத்தையும் நாமே ஊட்ட வேண்டும். சூட்டைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும்.

காட்டு விலங்கா என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். முதுமலையிலும் ஆனைமலையிலும் திரியும் நம் ஊர்க் காட்டுமாடு வேறு விலங்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது, அதன் கறியை நினைத்தும் பார்க்கக் கூடாது. இங்கே கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த அமெரிக்க பைசன். ஆல்பர்ட்டா அதை அதிகம் வளர்க்கும் மாகாணம். ஆனால் இந்த விலங்கு இன்று பண்ணையில் நிற்பதற்குப் பின்னால் பெருந்துயரம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இந்தப் புல்வெளிகளை நிறைத்திருந்த பைசன்கள், தோலுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் கண்மூடித்தனமாகச் சுடப்பட்டு, 1880-களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கின. அவற்றை நம்பி வாழ்ந்த பிளாக்ஃபுட் முதலிய பழங்குடி மக்கள் பட்டினியில் தள்ளப்பட்டார்கள். 1907-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் மிச்செல் பாப்லோ என்பவர் வளர்த்த மந்தையைக் கனடா அரசு விலைக்கு வாங்கி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தது; எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள எல்க் தீவுத் தேசியப் பூங்காவின் மந்தை அதிலிருந்து பெருகியதே. கோடை வந்ததும் அங்கே போய்ப் பாருங்கள். ஃபோர்ட் மெக்லியோட் அருகில், அந்தப் பழங்குடி மக்கள் மலை விளிம்பை நோக்கி பைசன் மந்தையை விரட்டி வீழ்த்தி வேட்டையாடிய இடம் ஒன்றும் இருக்கிறது. 1981-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நாம் சமைக்கும் கறி யாருடைய உணவாக இருந்தது என்று தெரிந்துகொண்டு சமைப்பது நம் கடமை என்று நான் நினைக்கிறேன்.

இனி சமையல். உறைந்த பாக்கெட்டை மேடையின் மேல் வைத்து இளக்காமல், முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். ஏறத்தாழ 450 கிராம் எடையுள்ள ஒரு பாக்கெட் கறிக்கு மூன்று மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை மாவாகத் திரித்து, அதைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் களியாக்கிக்கொள்ளுங்கள். அம்மா பொட்டுக்கடலை மாவை உலர்ந்தபடியே தூவியிருப்பார். ஆட்டுக்கொழுப்பு உருகி அந்த மாவை நனைத்துவிடும் என்பதால் அவருக்கு அது சரி. பைசனில் உலர்ந்த மாவைப் போட்டால், அது கறியின் ஈரத்தையே குடித்துவிடும். ஊறிய மாவு தன் ஈரத்தை உருண்டைக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும்; தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கூடவே சேரும்.

சின்ன வெங்காயம் பத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி நெய்யில், இடித்த சோம்பும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்துப் பொன்னிறமாக வதக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். இதில் அவசரம் கூடாது: சூடான வெங்காயம் பட்டால் கறி அந்த இடத்திலேயே வேகத் தொடங்கி, உருண்டை பிடிக்கும்போது உதிரும். ஆறிய வெங்காயம், ஊறிய மாவு, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், அரைத்த கசகசா ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், மஞ்சள்தூள், கொத்தமல்லித் தழை, ஒரு தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் முதலில் தனியாகக் கலந்துகொண்டு, கடைசியாகத்தான் கறியைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு விரல் நுனிகளால் புரட்டினால் போதும். உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால், உப்போடு சேர்ந்து கறி பசைபோல் இழுபட்டு, வெந்த பிறகு ரப்பராகிவிடும். கலவை கையில் லேசாக ஒட்டும். அது நல்ல அடையாளம், பயந்துபோய் மாவைக் கூட்டாதீர்கள். உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொன்றும் 30 கிராம் அளவுக்கு உருட்டினால் இருபது உருண்டை வரை வரும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் வடிவம் நிற்கும்.

தனி பைசன் வேண்டாம் என்று தோன்றினால், நான்கில் ஒரு பங்கு ஆட்டுக்குட்டிக் கொத்துக்கறியைக் கலந்துகொள்ளுங்கள். என் வீட்டில் விருந்தென்றால் அப்படித்தான். நம் ஊர் வாசனையும் அதில் கொஞ்சம் வந்துவிடும்.

புகை மணம்தான் உங்கள் இரண்டாவது கேள்வி. மண்ணடிப் பக்கம் பிரியாணி தம்மில் இருக்கும்போது மூடியின் மேல் கங்கு கொட்டுவதையும், குழம்பின் நடுவே ஒரு கிண்ணத்தில் கங்கு வைத்து நெய் விட்டு மூடுவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு, புகை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடுப்புக்கரிதான். தயவுசெய்து அதை இங்கே வீட்டுக்குள் செய்யாதீர்கள். குளிர்காலத்தில் ஜன்னல்கள் இறுக மூடியிருக்கும் வீட்டில், கரி எரிவதால் எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். புகை அலாரத்தைக் கழற்றி வைப்பதும், துணி போட்டு மூடுவதும் அதைவிட ஆபத்து. புகையை நாமே உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை. வேறு எங்கோ புகையூட்டிய பொருளை வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு மூன்று பொருள்கள் உதவும். முதலாவது சிபோட்லே. மெக்சிகோவில் நன்றாகப் பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தினால் அது சிபோட்லே ஆகிறது. தக்காளியும் வினிகரும் சேர்ந்த அடோபோ சாற்றில் ஊறியபடி சிறு டின்னில் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். மூடியைத் திறந்தவுடன், நம் ஊரில் மிளகாயைத் தணலில் சுட்டால் வரும் மணத்துக்கு வெகு அருகில் ஒரு மணம் எழும். இரண்டாவது, ஸ்பெயினின் லா வேரா பகுதியில் ஓக் விறகின் புகையில் உலர்த்தி அரைத்த மிளகாய்த்தூள்; நிறத்துக்கும் மென்மையான புகைக்கும் அது நல்லது. மூன்றாவது நம் கடைகளிலேயே இருக்கிறது: கருப்பு ஏலக்காய். அதையும் தணலின் மேல் புகையில்தான் உலர்த்துகிறார்கள். கால்கரியின் வடகிழக்குப் பகுதியில் உள்ள இந்தியக் கடைகளில் கேளுங்கள். ஒரு குழம்புக்கு ஒரே ஒரு காய் போதும், மிஞ்சினால் மருந்து வாடை அடிக்கும். பாட்டிலில் வரும் திரவப் புகை என்ற ஒன்றும் உண்டு; ஒரு சொட்டு கூடினாலும் குழம்பு முழுவதும் அடுப்புச் சாம்பல் சுவை ஏறிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழம்புக்கு ஐந்து பழுத்த தக்காளியை இரண்டாக வெட்டி, பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டோடு தட்டில் பரப்பி, ஓவனின் மேல்கம்பிச் சூட்டில் தோல் அங்கங்கே கருகும்வரை வையுங்கள். எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். எண்ணெய் வழிந்தால்தான் புகை கிளம்பி அலாரம் கத்தும். இரண்டு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, நான்கு காய்ந்த மிளகாய், ஒரு கருப்பு ஏலக்காய் ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்து, சுட்ட தக்காளி வெங்காயத்தோடும் இரண்டு சிபோட்லேயோடும் அரைத்துக்கொள்ளுங்கள். அகலமான சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தேக்கரண்டி ஸ்பெயின் மிளகாய்த்தூளைப் போட்டுக் கிளறி, உடனே விழுதை ஊற்றுங்கள். அந்தத் தூள் காய்ந்த எண்ணெயில் நொடியில் கருகிக் கசந்துவிடும். பிறகு அடுப்பை மீண்டும் பற்றவைத்து, எண்ணெய் பிரியும்வரை சுண்டவிட்டு, ஒன்றரைக் கோப்பை வெந்நீர் சேர்க்கவும். அடோபோவிலேயே புளிப்பும் உப்பும் இருப்பதால், சுவை பார்த்த பிறகுதான் புளிக்கரைசலும் உப்பும் விட வேண்டும். சிறு துண்டு வெல்லம் காரத்தை நிதானப்படுத்தும். குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்ற ஆசை வரும். ஊற்றினால் புகை மணம் அடங்கிப்போகும், அதனால் வேண்டாம்.

உருண்டைகளை 220 டிகிரி செல்சியஸ் ஓவனில் எட்டு நிமிடம் வைத்தால் மேற்பரப்பு நிறம் மாறும், உள்ளே இன்னும் வெந்திருக்காது. அந்த நிலையில் அவற்றைக் குழம்பில் இறக்கி, மூடி, குமிழிகள் மெதுவாக எழும் அளவுக்குச் சிறு தீயில் பத்து பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். கால்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று நீங்கள் வியந்திருந்தால் அதற்கும் இதுவே காரணம். ஆகவே கடிகாரத்தை நம்பாமல், சமையல் தெர்மாமீட்டரை உருண்டையின் நடுவில் குத்திப் பாருங்கள். அரைத்த கறி உள்ளே 71 டிகிரியை எட்டியாக வேண்டும். வெட்டிப் பார்த்து நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது பாதுகாப்பல்ல. 71 வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

யாருக்குப் பரிமாறலாம் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. பைசன் மாட்டினத்தைச் சேர்ந்தது. மாட்டுக்கறி உண்ணாதவர்களில் பெரும்பாலானோர் இதையும் உண்ண மாட்டார்கள். எனவே அழைக்கும்போதே என்ன கறி என்று பெயர் சொல்லிவிடுங்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாட்டுக்கறி பல குடும்பங்களின் அன்றாட உணவு. அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய அவசியம் உங்களுக்கு இங்கும் இல்லை, எங்கும் இல்லை. அதே உறுதியோடு, உண்ணாதவர் தட்டில் தெரியாமல் விழுந்துவிடாதபடி தனிச் சட்டி, தனிக் கரண்டி வையுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இதே குழம்பில் பாதியை உருண்டை போடுவதற்கு முன்பே தனியே எடுத்து, அவித்த முட்டையைக் கீறிப் போட்டுக் கொடுங்கள். அந்தக் காரத்துக்கு முட்டையும் அருமையாகச் சேரும்.

தொட்டுக்கொள்ள ஆப்பம் அல்லது இடியாப்பம் இருந்தால் நல்லது. சோறென்றால் குழம்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். முதல் நாளே குழம்பை மட்டும் செய்து வைத்தால் புகையும் புளிப்பும் ஒன்றோடொன்று இன்னும் நன்றாகக் கலக்கும். உருண்டைகளை விருந்தன்று காலையில் பிடித்து வேகவைக்கலாம். டின்னில் மிஞ்சும் சிபோட்லேயை அரைத்து, ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால், அடுத்த முறை ஒரு கட்டியைத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். வாரநாள் மீன் குழம்பில்கூட அரைக் கட்டி சேர்த்துப் பாருங்கள்.

அன்புடன்,
இராயபுரத்து அண்ணன்