பழைய முசார் ரெட் ஒயினில் கசடு இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

அடியில் கசடு, நிறமும் வெளிறியிருக்கிறது, கீழே ஊற்றிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இருபது வயது ஷாத்தோ முசார் அப்படித்தான் இருக்கும். லெபனானில் 1930இல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கிய ஒயின் ஆலை அது, இன்றும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. பெக்கா பள்ளத்தாக்கில் விளையும் கேபர்னே சாவிஞோன், காரிஞான், சான்சோ திராட்சைகளைத் தனித்தனியே புளிக்கவைத்துக் கலந்து, அறுவடை முடிந்து ஏறக்குறைய ஏழு வருடம் கழித்துத்தான் விற்பனைக்கே விடுகிறார்கள். வடிகட்டுவதும் இல்லை. காலம் போகப் போக டானினும் (ஒயினுக்குத் துவர்ப்பு தரும் பொருள்) நிறமிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிகின்றன, அதனால்தான் கசடும், ஊதா மங்கிய செங்கல் நிறமும், நாக்கைப் பிடித்து இழுக்காத மென்மையும் ஒன்றாகவே வருகின்றன.

பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துக்கொண்டு வேறு குடுவைக்கு மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கசடு கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். முதலில் லேசாக நெயில் பாலிஷ் வாடை வரலாம். முசாருக்கு அது வழக்கம்தான் (பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்). கொஞ்ச நேரம் விட்டால் உலர்ந்த அத்தி, பதனிட்ட தோல், புகையிலை என்று வாசனைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படியில்லாமல் வினிகர் நெடி மூக்கில் ஏறினாலோ நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தாலோ, சரி, அந்தப் பாட்டிலைக் கீழே ஊற்றிவிடலாம்.